உங்கள் குரலை வெட்டிய இருநூற்றுப் பதினேழு இடங்கள்

அக்கா,

கரையான்சாவடியில் என் வீடியோ கடையை ஒட்டி ஒருவன் சிப்ஸ் கடை போட்டிருக்கிறான். காலை பத்தரை மணிக்குச் சட்டியில் தேங்காயெண்ணெயை ஊற்றி அடுப்பை ஏற்றுவான். நேந்திரங்காய் விழுவதற்கு முன்பே அந்த வாசனை என் ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். இந்தப் பக்கத்தில் யார் தேங்காயெண்ணெயில் பொரிக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து ஆவடி குவார்ட்டர்ஸில் உங்கள் வீட்டில் மட்டும்தான். முதல் நாள் அவனிடம் போய்ச் சண்டையே போட்டேன். "இன்னாபா, வேற எண்ணெயே கெடைக்கலியா உனுக்கு? மூக்கு எரியுது" என்றேன். அவன் ஒரு பிடி சிப்ஸைக் காகிதத்தில் வைத்து நீட்டினான். வாங்கிக்கொண்டு வந்து கடைக்குள் உட்கார்ந்தால் அழுகை வருகிறது. நாற்பத்தாறு வயது ஆள் நான். ஊரான் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவள் அழும்போது கிட்டே போய் ஃபோகஸ் பண்ணிப் பிழைக்கிறவன். என்னை அந்த நேரம் யாராவது எடுத்திருந்தால் நல்ல ஷாட்டாக இருந்திருக்கும்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். நடுவில் ஆரம்பித்தால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

உங்கள் ஆட்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்த சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்காது, ஏனென்றால் நீங்கள் வரவில்லை. நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் தொழிற்சாலையில் வேலை, நாலு பேருக்கும் நாகர்கோவில் பக்கம், நாலு பேர் கழுத்திலும் சிலுவை போட்ட சங்கிலி. முன்னால் நின்றவர் உங்கள் வீட்டுக்காரர். பிறகு நீங்கள் எனக்கு அக்கா ஆனதும் அவர் மாமா ஆகிவிட்டார், அன்றைக்கு சார்தான். "களியல் தெரியுமா?" என்று கேட்டார். "இன்னா சார், கோலாட்டம் மாரியா?" என்றேன். நாலு பேர் முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியதைப் பார்க்க வேண்டுமே! வந்த ஆர்டர் போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் மாமாவே பொறுமையாகச் சொன்னார். நடுவில் விளக்கு. அதைச் சுற்றி எட்டு ஆண்கள், கையில் கம்பு. ஆசான் பாடப் பாட, அவரவர் பக்கத்தில் இருப்பவரின் கம்பை அடித்துக்கொண்டே வட்டம் போவார்கள். ஒன்பது சுற்று, ஒன்றரை மணி நேரம். சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறும், அடி மாறும். ஊரில் இப்போது மாதா கோயில் திருவிழாவில் பத்து நிமிஷம் ஆடிவிட்டு இறங்கிவிடுகிறார்களாம், அடுத்த நிகழ்ச்சிக்காரர்கள் மேக்கப்போடு காத்திருப்பார்கள் என்பதால். ஒன்பது சுற்றையும் ஆடத் தெரிந்தவர்கள் என்று மிஞ்சியது ஆவடிக் குழு ஒன்றுதான். அதிலும் மூன்று பேர் சீக்கிரமே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விடுவார்கள். அழிந்துகொண்டிருக்கும் ஆட்டங்களைச் சேகரிக்கிற ஓர் அலுவலகம், முழுசாக எடுத்து அனுப்புங்கள் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. பட்டியலில் ஏறிவிட்டால் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க இடமும் ஏற்பாடும் செய்து தருவார்கள். ஏறாவிட்டால் குழு கலைகிற அன்றைக்கு ஆட்டமும் முடிந்தது.

ஒத்திகை பார்க்க ஆவடிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாட்டு மாமாவுடையது, சந்தேகமே இல்லை. அந்தக் கணீர்க் குரலுக்கு மைக்கே வேண்டாம். ஆனால் நாலாவது சுற்று முடிந்ததும் அடுத்து எந்த அடி என்று அவருக்கு வராது. வாயைத் திறந்தபடி நிற்பார். எட்டுப் பேரும் கம்பைத் தூக்கியபடி நிற்பார்கள். ஓரத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்ற நீங்கள் டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டே, டீயிடம் சொல்வது போல, "இனி இருந்து அடி" என்பீர்கள். மாமா தனக்கே ஞாபகம் வந்தது போல "ஆங், இருந்து அடி!" என்று கத்துவார். எட்டுப் பேரும் குந்தி உட்கார்ந்து அடிப்பார்கள். நீங்கள் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் என்னைப் பார்த்து முறைத்தீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் உங்கள் சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டேன். "ஏன்க்கா, அவங்க ஆடுறாங்கோ, ஒங்களுக்கு எப்டிக்கா எல்லாம் தெரியும்?"

மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்க அப்பா ஆசானாக்கும். வெளக்குக்கு எண்ணெ ஊத்த ஒரு பிள்ளை வேணும்லா? நான்தான் வெளக்குப் பக்கத்துல இருப்பேன். எல்லாவனும் சுத்தி நின்னு ஆடுவான், ஊரு அதுக்கும் வெளிய நின்னு பாக்கும். நான் மட்டும் நடுவுல இருந்து பாத்தேன். நடுவுல இருந்தா ஒண்ணும் மறைக்காது மக்கா."

"அப்போ நீங்கதான ஆசான்?" என்றேன். "போடே, பொம்பளைக்கு ஏது களியல்?" என்று சொல்லி ஒரு துண்டு மீனை என் தட்டில் போட்டுப் பேச்சை முடித்துவிட்டீர்கள்.

படம் எடுத்த நாளுக்கு வருகிறேன். எட்டுப் பேரின் ஷிப்டும் ஒத்துவந்த ஒரே ஞாயிறு அது. பூசை முடிந்து மாதா கோயில் மண்டபம் நமக்குக் கிடைத்தது பதினோரு மணிக்கு. நாலு மணிக்கு அங்கே ஒரு நிச்சயதார்த்தம். முதல் தடவை ஐந்தாவது சுற்றில் மாமா திணறினார். பாதிப் பேர் உள்பக்கம் திரும்ப, பாதிப் பேர் வெளிப்பக்கம் திரும்ப, வட்டமே குலைந்தது. இரண்டாவது தடவை அதே இடத்தில் ஆட்டக்காரர் ஞானமுத்து அண்ணன் விரலில் அடி விழுந்தது. கம்பில் பட்டால் டக்கென்று கேட்கும். விரலில் பட்டால் சத்தமே வராது, அக்கா. அவர் கையைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். தரையில் ரத்தச் சொட்டு. மணி ஒன்றே முக்கால். பந்தல்காரர்கள் வாசலில் நாற்காலியை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமா யாரையும் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

நீங்கள் வந்தீர்கள். முந்தானை ஓரத்தைக் கிழித்து ஞானமுத்து அண்ணன் விரலைக் கட்டினீர்கள். நேராக என் இடது தோளுக்குப் பின்னால் வந்து நின்றீர்கள். "கேமராவப் போடு மக்கா" என்றீர்கள். அப்புறம் அவர்களைப் பார்த்து, "நான் சொல்லுகேன். ஆடுங்க" என்றீர்கள்.

எட்டுப் பேரும் கம்பை எடுத்தார்கள். மறுத்துப் பேச நேரம் இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போல நான் எதையும் எடுத்ததில்லை. "உள்ள கேறு." "மறிஞ்சு அடி." "தாத்தி, தாத்தி… இனி எழும்பு." மறிஞ்சு என்றால் திரும்பி, தாத்தி என்றால் தாழ்த்தி என்று அவர்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. கம்பு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, அது இறங்குவதற்கு முன்பே, சரியாக அந்தப் பாதித் தாளத்தில் சொன்னீர்கள். சொல்லி முடிக்கவும் அவர்கள் திரும்பவும் அடி விழவும் சரியாக இருந்தது. ஒன்பதாவது சுற்றில் எட்டுக் கம்பும் ஒரே கம்பு மாதிரி கேட்டது. முடிந்ததும் மண்டப வாசலில் பந்தல்காரர்கள் கைதட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து எல்லோரும் என் கடைக்கு வந்து போட்டுப் பார்த்தோம். முதல் பத்து நிமிஷம் ஒரே சந்தோஷம். அப்புறம் ஒவ்வொருவருக்கும் உறைத்தது. படம் முழுக்க உங்கள் குரல். கம்புச் சத்தத்தைக் கேமரா மைக்கில்தான் பிடித்திருந்தேன். அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் உங்கள் வாய் இருந்தது.

ஞானமுத்து அண்ணன்தான் சொன்னார், கட்டுப் போட்ட விரலோடு. "இது ஊருல பாத்தான்னா என்ன சொல்லுவான்? பொம்பள சொல்லிக் குடுத்து ஆம்பள ஆடுனான்னு சிரிக்க மாட்டானா? அந்த ஆபீசுக்காரன் கேட்டா என்ன சொல்லது?" மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என் மேசையில் கிடந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். "வெட்டிரு மக்கா" என்றீர்கள். "எனக்க அப்பாவுக்க ஆட்டம் நிக்கட்டும். எனக்க சத்தம் எதுக்கு?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "முடியாதுக்கா, இது இல்லாம படமே இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன்? "செரிக்கா, க்ளீன் பண்ணிட்லாம்" என்றேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? மேக்கப் கலைந்த மணமகளின் மூக்கைத் திருத்துகிற மாதிரி, இதுவும் ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை என்று சொன்னால் லேசான வேலை இல்லை. உங்கள் குரலும் கம்புச் சத்தமும் ஒரே ஒலியில் பின்னிக் கிடந்தன. ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து, அது தொடங்கும் இடம் முடியும் இடம் பார்த்து வெட்டி, அந்த ஓட்டையில் வேறு இடத்துக் கம்புச் சத்தத்தை ஒட்ட வேண்டும். ஒட்டு தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி. ஒரு "மறிஞ்சு அடி"யை முப்பது தடவை, நாற்பது தடவை கேட்டிருப்பேன். காதில் ஹெட்போனோடு மூன்று வாரம் உட்கார்ந்தேன். இருநூற்றுப் பதினேழு இடம். கடைசியில் நான் பெருமையோடு கேட்டுப் பார்த்தேன், அக்கா. நீங்கள் அந்த மண்டபத்துக்குள் வந்ததற்கே அடையாளம் இல்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன்.

பெயர் போடுகிற இடத்தில் ஆசான் என்று மாமா பெயர். ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். கடைசியில், எல்லோரும் சேர்ந்து யோசித்துப் பெரிய மனது பண்ணி, "தேநீர் உபசரிப்பு" என்று போட்டு உங்கள் பெயர். மண்டபத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்டியபோது அந்த வரி வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "டீ நல்லா இருந்துதுன்னு எழுதலியே டே" என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. படத்தை அனுப்பிய அடுத்த மாதம் முகூர்த்த மாதம். நசரத்பேட்டையில் ஒரு பெரிய கல்யாணம், இரண்டு கேமரா, இரண்டு நாள். ஹார்டு டிஸ்கில் இடம் இல்லை. எதை அழிக்கலாம் என்று பார்த்தேன். களியல் மூலப் பதிவு பெரிசாக உட்கார்ந்திருந்தது. சுத்தம் பண்ணினதைத்தான் கொடுத்துவிட்டோமே, இது எதற்கு என்று நினைத்தேன். அழித்தேன். மெமரி கார்டையும் ஃபார்மேட் போட்டு அந்தக் கல்யாணத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை, அக்கா. நீங்கள் வெட்டத்தான் சொன்னீர்கள்.

திருநின்றவூரில் புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருஷம் ஆகவில்லை, நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அரை மணி நேரத்தில் போய்விட்டீர்கள். கேமராவோடு ஓடி வந்தேன். வேறு எதைக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. மாமா என் பையைப் பார்த்து, "எடுக்காண்டாம் மக்கா" என்றார். பையை வெளியே செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உங்கள் காலடியில் நின்றேன்.

நாலு மாதம் முன்பு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவைப் பார்த்தோம், நன்று. குழு இந்த ஆட்டத்தை முழுவதும் நேரில் ஆடிக் காட்டினால்தான் பட்டியலில் சேர்க்க முடியும். இன்ன தேதியில் வருகிறோம். மாமா பாடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர், உங்கள் மகள் பேசிப் பேசிச் சம்மதித்தார். படத்தை டிவியில் ஓடவிட்டு எட்டுப் பேரும் பழகினார்கள். வரவில்லை. படத்தில் அடி மாறுவது தெரிகிறது. மாறப்போகிறது என்பது தெரியவில்லை. கண்ணில் பட்டுக் கை திரும்புவதற்குள் பக்கத்துக் கம்பு வந்து விழுந்துவிடுகிறது. வாரம் ஒருவர் விரலில் பிளாஸ்திரி. தேதிக்குப் பத்து நாள் இருந்தபோது இரண்டு பேர், "இது ஆகாது, விட்டுருவோம்" என்று கம்பைக் கீழே வைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள் என் கடைக்கு வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் உருப்படிகளைச் சோதித்துப் பார்த்து, தேறும் தேறாது என்று பிரிக்கிற வேலையில் இருக்கிறாள் அல்லவா? அதே பார்வையோடுதான் என் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரிஜினல்ல அம்மா குரல் இருக்குல்ல? அத குடுங்க. அவங்க அத கேட்டுப் பழகட்டும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் ஒரு காப்பி வேணும். போன்ல இருக்குறதெல்லாம் 'சாப்ட்டியா, ட்ரெயின் ஏறிட்டியா'தான். அம்மா அந்த மாதிரி சத்தமா, தைரியமா பேசுன ஒண்ணு கூட எங்கிட்ட இல்லண்ணா" என்றாள்.

"எங்கியோ கீதும்மா, தேடி எடுத்து வைக்கிறேன்" என்றேன். பொய். நெஞ்சறிந்த பொய்.

நாலு நாள் அந்தப் பொய்யோடு ஓடினேன். பழைய டிஸ்கை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரன் ஏதோ ஒன்றை மீட்டுவிட்டதாகக் கூப்பிட்டான். பறந்து போனேன். திறந்து பார்த்தால் நசரத்பேட்டைக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் குடை பிடிக்கிறார்கள். உங்கள் குரல் இருந்த இடத்திலேயே அந்தக் கல்யாணம் போய் உட்கார்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினான். தினமும் சாயங்காலம் உங்கள் மகள் போன் பண்ணுவாள். "கெடைச்சுதாண்ணா?" "பாத்துக்கினே கீறேன்மா." என் மனைவி, "யார் கிட்ட இப்டி பயந்து பயந்து பேசுற?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

ஐந்தாவது நாள் ஒத்திகைக்கே போனேன். கோயில் மண்டபம். கம்பைக் கீழே வைத்த இரண்டு பேரும் உங்கள் குரல் கிடைக்கும் என்று திரும்பி வந்திருந்தார்கள்; எட்டுப் பேர், மாமா, உங்கள் மகள். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "ஒரிஜினல் இல்ல. நான்தான் அழிச்சேன். ஒரு கல்யாணத்துக்கு எடம் பத்தலன்னு அழிச்சேன். தேடுறேன்னு சொன்னது பொய்."

உங்கள் மகள் எழுந்தாள்.

"யாரக் கேட்டு அழிச்சீங்க?" என்றாள் அவள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "யாரையும் கேக்கலமா" என்றேன். "வெட்டும்போது யாரக் கேட்டீங்க?" என்று மறுபடி கேட்டாள். ஞானமுத்து அண்ணன் மெதுவாக, "நாங்கதான் பிள்ளே வெட்டச் சொன்னோம்" என்றார். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். "நீங்களும் இருந்தீங்களாப்பா?" மாமா தலையசைத்தார். "எங்கம்மா சொல்லித்தான் ஆடுனீங்க. எங்கம்மாவ டீ குடுத்தவன்னு போட்டீங்க. இப்ப எங்கம்மா இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியல, இல்ல? நல்லா வேணும்!" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு மாமா, "ஒரு வாட்டி ஆடிப் பாப்போம்" என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் பாடினார். நான் கிளம்பியிருக்க வேண்டும். கால் வரவில்லை. அன்றைக்குக் கேமரா வைத்திருந்த அதே தூணருகே நின்றேன். இரண்டு சுற்று தட்டுத் தடுமாறிப் போனது. மூன்றாவது சுற்றில் கம்புகள் மேலே ஏறின. யாருக்கும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஞானமுத்து அண்ணனின் கோணல் விரலுக்கு நேராக ஒரு கம்பு வந்துகொண்டிருந்தது. என் வாயிலிருந்து வந்தது, அக்கா:

"உள்ள கேறு!"

எட்டுப் பேரும் உள்ளே திரும்பினார்கள். யோசிக்கவில்லை. உடம்பு தானாகத் திரும்பியது. டக்கென்று ஒரே அடி. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவன். அம்மாவைக்கூட "இன்னாமே" என்று கூப்பிடுகிறவன். எனக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? ஆனால் அடுத்த இடமும் எனக்குத் தெரிந்திருந்தது. "மறிஞ்சு அடி." அதற்கடுத்ததும். நீங்கள் எங்கே இழுப்பீர்கள், எங்கே கடித்துத் துப்புவது போலச் சொல்வீர்கள், எங்கே கோபம், எங்கே சிரிப்பு, எல்லாம். இருநூற்றுப் பதினேழையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டவன் நான். வெளியே போட்டதெல்லாம் எனக்குள்தான் விழுந்திருக்கிறது.

ஞானமுத்து அண்ணன் நடுவில் நின்றுவிட்டார். "லேய், இது அவளாக்குமே" என்றார். முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா தெரியவில்லை. மாமா பாட்டை நிறுத்தாமல் கையால் சைகை காட்டினார், சொல்லு சொல்லு என்று. சொன்னேன். அன்றைக்கு ஆறு சுற்று வரை போனோம். மறுநாள் ஒன்பது.

அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன் வரிசையில் நாற்காலி, கையில் படிவம். அவர்களில் ஓர் அம்மாள் பேனாவைத் திறந்து, "ஆசான் யாருங்க?" என்றார். மாமா எழுந்து நின்றார். ஆட்டக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஞானமுத்து அண்ணன் முன்னால் வந்தார்.

"ஆசான் செத்துப் போச்சும்மா" என்றார். "இவரு அவளுக்க மாப்பிள்ளை, பாடுவாரு. அங்க நிக்கான் பாருங்க, மெட்ராஸ்காரன், அவன் அவளுக்க சத்தம். நாங்க ஆடுகோம். நீங்க ஆசான்னு அவ பேர எழுதுங்க."

அந்த அம்மாள் நிமிர்ந்து, "பெண்ணா?" என்றார். "ஆமா" என்றார் மாமா. இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

உங்கள் மகள் வந்திருந்தாள். அப்பாவுக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் சொல்லிக் கேட்பதற்கு அவளுக்கு இஷ்டமில்லை, அது நியாயம்தான். விளக்கு ஏற்றினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றுகள் போயின. ஒரு சொல் பிசகினால் ஒரு விரல் போகும், கூடவே உங்கள் அப்பாவின் ஆட்டமும் போகும். ஏழாவது சுற்றில் "தாத்தி அடி"க்கும் "எழும்பு"க்கும் நடுவே நீங்கள் அன்றைக்கு ஒரு தடவை இருமியிருக்கிறீர்கள். சின்ன இருமல், வாய்க்குள்ளேயே அடக்கினது. அதையும் வெட்டியிருந்தேன். அந்த இடம் வந்தது. "தாத்தி அடி" என்றேன். என்னை அறியாமல் இருமினேன், உங்களைப் போலவே, வாய்க்குள். "எழும்பு" என்றேன்.

வாசலில் நின்றவள் திரும்பினாள்.

அப்புறம் அவள் முதுகைக் காட்டவில்லை. ஒன்பதாவது சுற்று முடிகிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் கைதட்டியபோது அவள் தட்டவில்லை. என்னோடு பேசாமலேதான் போனாள்.

பட்டியலில் சேர்த்துவிட்டதாகக் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஆசான் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறது. மாமா அதை வெட்டி எடுத்துக் கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறார். நேற்றுக் காலை சிப்ஸ்காரன் எண்ணெய் ஊற்றுகிற நேரத்துக்கு உங்கள் மகள் கடைக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். "உங்க மேல கோவம் போகலண்ணா. போகும்னு தோணல" என்றாள். "போவ வேணாம்மா" என்றேன். கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "மொதல்லருந்து சொல்லுங்க. அம்மா சொன்ன மாதிரியே. நீங்களும் ஒரு நாள் போயிடுவீங்க" என்றாள்.

சொன்னேன். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஒவ்வொரு வரியாக எழுதினாள். எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று கோடு போட்டாள், எந்த இடத்தில் சத்தம் ஏறும் என்று குறித்தாள். கடைக்கு வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லச் சொல்ல உள்ளுக்குள் ஒரு பயம்: எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டால் என்னிடமிருந்து நீங்கள் போய்விடுவீர்களோ என்று. போகவில்லை, அக்கா. இன்று காலை டீக்கடைக்காரனைக்கூட உங்கள் குரலில்தான் விரட்டினேன்.

ஏழாவது சுற்றில் "தாத்தி அடி" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வரி இடம் விட்டாள். பிறகு அவளே எழுதினாள்: "இங்கே அம்மா இருமுவாள்."